ஓகே அழுத்த ஆளில்லாத அறை

கால்பேக் ஃபங்ஷனுக்குள் மெசேஜ் பாக்ஸ் போட்ட புரோகிராமை யாராவது என் முன்னால் திறந்து காட்டினால், ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும் எனக்குக் காது சூடாகிவிடும். போன மாதம், என்னிடம் புரோகிராம் கற்க வரும் உங்களில் ஒருவர் அப்படித்தான் லேப்டாப்பைத் திறந்து, "எல்லாம் நல்லா ஓடுது மேடம், சில நேரம் மட்டும் டேட்டா காணாமப் போகுது" என்றார். நான் சுள்ளென்று விழுந்தேன். பாவம், அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. கோபம் அவர் மேல் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நடுவில் நான் என்னையே திட்டிக்கொண்டால் கண்டுகொள்ளாதீர்கள், பழகிப்போன வியாதி அது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவர் ரிட்டயர் ஆனதும் திருநின்றவூரில் வாடகைக்குப் போனோம். தொண்ணூறுகளில் அங்கிருந்து தினமும் ரயிலில் அம்பத்தூருக்கு வந்து, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதினேன். கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். கீழே பிரஸ் அடிக்கும்போதெல்லாம் மேலே மானிட்டர் குதிக்கும். எங்கள் சார்தான் முதலாளி, விற்பனையாளர், கணக்கர் எல்லாம். பாலைவனத்தில் மணல் விற்கச் சொன்னாலும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். அவர் விற்றுவிட்டு வந்ததை நான் செய்து கொடுக்க வேண்டும்.

இயந்திரங்களைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குக் கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் இருக்கும். எடை மெஷினோ, சூட்டை அளக்கிற கன்ட்ரோலரோ, அந்த வயர் வழியாக ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள இரண்டு வழி உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் போனை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். பிளாக்குக்கு ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் நாங்கள் எல்லோரும் அந்த நம்பரையே உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாகப் பி.பி. என்று எழுதிக்கொள்வோம். ஊரிலிருந்து போன் வர வேண்டியிருந்தால், அரை மணிக்கு ஒரு தரம் அந்த வீட்டுக் கதவைத் தட்டி "எங்களுக்கு வந்துச்சாக்கா?" என்று கேட்கலாம். இது போலிங். அல்லது, "வந்தா ஒரு குரல் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இதுதான் கால்பேக். எழுத்து வந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைக்கிறோம், அவ்வளவுதான்.

குரல் கொடுத்ததும் ஓடிப்போய்ப் போனை எடுத்து, விஷயத்தை வாங்கிக்கொண்டு, வைத்துவிட வேண்டும். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று கதை பேசினால், அடுத்த வீட்டுக்கு வர வேண்டிய போன் வராது. யாருக்கு என்ன ஆபத்தோ, அந்தச் சேதி வெளியிலேயே நின்றுகொண்டிருக்கும். இது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் புரோகிராம் எழுதும்போது மறந்துவிட்டது.

எஸ்டேட்டின் பின்பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை இருந்தது. பெரிய கம்பெனிகள் பல்சக்கரங்களையும் பின்களையும் அனுப்பி வைக்கும். இவர்கள் உலையில் ஏற்றி, குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்து, இரும்பைக் கெட்டிப்படுத்தித் திருப்பி அனுப்புவார்கள். சூடு குறைந்தால் இரும்பு மெத்தென்று நின்றுவிடும். கூடினால் உடைகிற சரக்காகிவிடும், பிறகு எடைக்குப் போட வேண்டியதுதான். உலை இரண்டு. இரண்டின் கன்ட்ரோலர்களையும் ஒரே வயரில் கோர்த்து, கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, சூடு எல்லை மீறினால் பெரிய ஹூட்டரை அலற வைக்க வேண்டும் என்பது ஆர்டர்.

பட்டறை முதலாளி சேலத்துப் பக்கத்துக்காரர். தன் கையால் கரி அள்ளிப் போட்டு மேலே வந்தவர். கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்கென்று கண்ணாடி வைத்த ஏசி அறை கட்டி, தேங்காய் உடைத்து, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாவி சூப்பர்வைசர் கோதண்டத்திடம் மட்டும் இருக்கும். ஒரு ஃபிட்டர் ஆசையாகக் கீபோர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டார் என்று அவரை ஒரு நாள் முழுக்க கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியில் கூட யாரும் கை வைக்க மாட்டார்கள். இதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணெய்க் கறை படிந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போவது எனக்குப் பிடித்திருந்தது.

முதலாளி ஒரு விருப்பம் சொன்னார். "எது ஒண்ணு நடந்தாலும் ஸ்கிரீன்ல வரணும்மா. நம்ம ஆளு பாத்துட்டேன்னு ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கற வரைக்கும் அது போகக் கூடாது." நியாயமாகத்தான் பட்டது. நான் கால்பேக்குக்குள்ளேயே மெசேஜ் பாக்ஸ் போட்டேன். சூடு குறைந்தால் ஒரு பாக்ஸ், கூடினால் ஒரு பாக்ஸும் ஹூட்டரும். ஓகே அழுத்தினால் போய்விடும். ஆபீஸில் உட்கார்ந்து பத்துத் தடவை சோதித்தேன். பாக்ஸ் வரும், உடனே அழுத்துவேன், அடுத்தது வரும். அழகாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அழுத்துவதற்கு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேனே.

உலையடியில் நின்றவர் தணிகாசலம். அயப்பாக்கத்துக்காரர். பரம்பரையாக ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம், நிலமெல்லாம் பிளாட்டாகிப் போனபிறகு எஸ்டேட்டுக்கு வந்தார். பல வருஷமாக டெம்பரரி. கொஞ்ச மாதம் வேலை, பிறகு கணக்கை முடித்து நிறுத்தி வைத்து மறுபடி எடுப்பது, இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில், "பொண்ணோட அப்பாவுக்கு வேலை நிரந்தரமா?" என்று கேட்டு, ஆயுத பூஜை வரை காத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்களாம். நான் போகும்போதெல்லாம் என்னிடமே, "இன்னா மேடம், உங்க பொட்டி வந்தபொறவு என் வேலக்கி ஒண்ணும் ஆவாதில்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ஒன்றும் ஆகாது என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அடிக்கடி டயலைப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. வந்தபிறகு முதலாளி, "டயலை எல்லாம் பாக்க வேண்டாம், ஹூட்டர் அடிச்சா ஓடு, மத்த நேரம் சரக்கு ஏத்தி இறக்கு" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் கோதண்டம் அறையைப் பூட்டிக்கொண்டு ஆவடிக்கு ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனார். தணிகாசலம் ஒன்றாம் உலையில் புதுச் சரக்கை ஏற்றினார். குளிர்ந்த இரும்பு உள்ளே போனால் சூடு கொஞ்சம் இறங்கும், அது சகஜம். என் புரோகிராம் உடனே, ஒன்றாம் உலையில் சூடு குறைவு, ஓகே அழுத்தவும் என்று பாக்ஸைப் போட்டது. போட்டுவிட்டு அங்கேயே நின்றது. கால்பேக் முடியவில்லை, அதனால் அடுத்த சேதி எதுவும் உள்ளே வர முடியாது. அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலைக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு, கரண்ட் நிற்காமல் ஓடி, சூடு ஏறிக்கொண்டே போனது. கன்ட்ரோலர் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்க ஆளில்லை. ஹூட்டர் அடிக்கவில்லை.

கண்ணாடி வழியாக அந்தப் பாக்ஸை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, அறை பூட்டியிருந்தது, பூட்டாமல் இருந்தாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உலைக் கதவின் ஓரத்து வெளிச்சம் நிறம் மாறியதைப் பார்த்துத் தணிகாசலம் ஓடிப்போய் அந்த உலையின் மெயினை இறக்கினார். அதற்குள் உள்ளே இருந்த சரக்கு வீணாகிவிட்டது. அந்தப் பட்டறைக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளரின் சரக்கு அது.

உலை ஆறிய பிறகு கோதண்டம் வந்து கதவைத் திறந்து ஓகே அழுத்தியதும் எல்லாம் பழையபடி ஓடியது. சோதனைப் பட்டனை அழுத்தினால் ஹூட்டர் எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி அலறியது. போதாதா? ஹூட்டர் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஆள் தூங்கியிருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. தணிகாசலம் சாயந்திரம் வரை இல்லவே இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நானும் சாரும் போனபோது முதலாளி அமைதியாக இருந்தார். காபி வரவழைத்தார்.

"நேத்து பூரா சாதிச்சான். காலையில வந்து, கண்ணு அசந்துட்டேன் மொதலாளின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். ஒத்துக்கிட்டவன நான் அடிக்க மாட்டேன். ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வரட்டும். ஆயுத பூஜைக்கு நான் குடுத்த வாக்கு மாறாது. நீங்க மெஷினை மட்டும் ஒரு தரம் பாத்துட்டுப் போங்க."

நான் அறைக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. என் பாக்ஸ் எங்கே நிற்கிறது, எதை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு மனுஷர் என் பாக்ஸுக்காகத் தூங்கினேன் என்று சொல்லியிருக்கிறார்.

சாரை வெளியே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "சரி பண்ணிடு. வாயத் திறக்காதே" என்றார்.

"அந்த ஆள் மேல பழி சார்."

"பழி எங்க இருக்கு? அவன் ஒத்துக்கிட்டான், அவர் மன்னிச்சிட்டார், வேலை போகல, வாக்கும் மாறல. முடிஞ்ச விஷயம். நீ போய் நோண்டினா யாருக்கு லாபம்?"

எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பயப்படுகிறார், ஆர்டர் போய்விடும் என்று நினைக்கிறார் என்று தீர்மானித்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் மண்டையில் ஏறவில்லை. டீக்குக் காசு கூடக் கொடுக்காமல் நேராக முதலாளியின் அறைக்குப் போய்விட்டேன்.

சொன்னேன். பாக்ஸ், கால்பேக், சீரியல் போர்ட் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார்.

"பொம்பளப் புள்ள, இரக்க மனசு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமாம்மா? அவனுக்காகப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கறே. நல்ல குணம். போ, போய் வேலையப் பாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜமான தப்பைச் சொன்னால் நல்ல குணம் என்கிறார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம். "இல்லைங்க, நிரூபிச்சுக் காட்டறேன்" என்றேன். "எல்லாரும் இருக்கணும். தணிகாசலத்தையும் கூப்பிட்டு அனுப்புங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவரை எதற்குக் கூப்பிட்டேன்? நிரூபிக்க அவர் தேவையே இல்லை. அவர் முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டும், அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. வேறு ஒன்றும் இல்லை. அப்போது அதற்கு நான் வைத்த பெயர் நியாயம்.

கோதண்டம் சைக்கிளில் ஆள் அனுப்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே கூடினார்கள். தணிகாசலம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஓரமாகக் கை கட்டி நின்றார். என்னைப் பார்த்ததும் என்ன என்பது போல் தலையை மட்டும் அசைத்தார். நான் பெரிய மனுஷி மாதிரி, "இருங்க, இப்பத் தெரியும்" என்று சைகை செய்தேன்.

இரண்டு உலையும் காலியாக ஓடிக்கொண்டிருந்தன. முதலில் உலையடியில் இருந்த கன்ட்ரோலரில் இரண்டாம் உலையின் எல்லையை இருக்கிற சூட்டுக்கும் கீழே இறக்கி வைத்தேன். எல்லை மீறிவிட்டதாகக் கணக்கு. ஹூட்டர் அலறியது. நிறுத்திவிட்டு எல்லையைப் பழையபடி வைத்தேன். பிறகு ஒன்றாம் உலையின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கச் சொன்னேன். சூடு இறங்கியது, பாக்ஸ் வந்தது. அதைத் தொடாமல் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி இரண்டாம் உலையின் எல்லையை இறக்கினேன். கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹூட்டர் அடிக்கவில்லை. நின்றோம். அடிக்கவே இல்லை. கோதண்டம் உள்ளே போய் ஓகே அழுத்தினார். அடுத்த நொடி ஹூட்டர் அலறியது.

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் முகம் மலரவில்லை. அவர் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ தூங்கலை."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தூங்காதவன் தூங்கினேன்னு எதுக்குடா சொன்னே?"

"நேத்து பூரா சொன்னேன் மொதலாளி. நீங்க நம்பல. அதான் நீங்க நம்புறதச் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. முதலாளியின் முகம் கறுத்தது. எல்லோர் முன்னாலும் பெரிய மனசு பண்ணி மன்னித்தவர் அவர். மன்னிக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, தன்னை ஒரு டெம்பரரி ஆள் தட்டிக்கொடுத்துச் சமாளித்திருக்கிறான் என்று இப்போது எல்லோர் முன்னாலும் தெரிந்துவிட்டது.

"என் முன்னாடி நின்னு பொய் சொல்லி மன்னிப்பு வாங்கியிருக்கே. இன்னிக்குத் தூங்காம தூங்கினேன்னு சொல்றவன், நாளைக்குத் தூங்கிட்டுத் தூங்கலேன்னு சொல்லுவான். உன்னை நம்பி உலைய விட முடியாது. நாளையிலேர்ந்து லோடிங்குக்குப் போ. பர்மனென்ட் பேச்செல்லாம் அப்புறம் பாக்கலாம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "நீ உண்மை பேசினே. எனக்கு அந்த குணம் பிடிச்சிருக்கு. மூணாவது உலை வாங்கப் போறேன், அதுக்கும் நீங்களே பண்ணிக் குடுத்துருங்க" என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தணிகாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தேன். வழியில் அவர், "உன் நேர்மைக்குக் கிடைச்ச ஆர்டர்" என்றார். குத்திக்காட்டுகிறாரா, சந்தோஷப்படுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திருநின்றவூர் வரை தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த வாரம் மறுபடி முதலாளியிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "நீ சொன்னது உண்மை, அவன் சொன்னது பொய். நான் எந்தப் பக்கம் நிக்கட்டும், நீயே சொல்லு" என்றார். தணிகாசலம் லோடிங்கில் சில நாள் இருந்துவிட்டு அவரே நின்றுவிட்டார்.

புரோகிராமைச் சரி செய்வது சுலபமாக இருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தானே வந்தீர்கள். கால்பேக்குக்குள் எதுவும் செய்யாதீர்கள். வந்த எழுத்துகளை வாங்கி ஒரு இடத்தில் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். சேதி முழுசாக வந்ததா, என்ன சொல்கிறது என்பதை வெளியே நிதானமாகப் பாருங்கள். ஆபத்தைச் சொல்கிற மணி எந்த மனுஷனின் பதிலுக்காகவும் காத்திருக்கக் கூடாது. திரையில் ஓகே என்று ஒரு பட்டன் போடுவதற்கு முன்னால், அதை அழுத்தப் போகிறவர் யார், அவருக்கு அந்த அறைக்குள் நுழைய அனுமதி உண்டா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் மாற்றி எழுதியதில் பாக்ஸே கிடையாது. திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் உலைக்கும் அதையேதான் போட்டேன். கடைசி வரை ஒரு குறையும் வரவில்லை. அந்த வேலைக்காக எனக்குச் சம்பளம் கூட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

மற்றது அவ்வளவு சுலபமில்லை. தப்பு உங்களுடையது என்று தெரிந்ததும், ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று உடம்பு துடிக்கும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு முன்னால் அந்தத் தப்பின் கீழே ஒருவர் மாட்டிக்கொண்டு, எப்படியோ புரண்டு வெளியே வர ஒரு வழி பண்ணியிருப்பார். முதலில் அவரிடம் போங்கள். அயப்பாக்கம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போனால் ஒரு குட்டித் தூக்கம் கூடப் போட முடியாது. அந்தத் தூரம் நான் காலையிலேயே போய், "தப்பு என்னுதுங்க, முதலாளிகிட்ட சொல்லட்டுமா, எப்படிச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது?" என்று கேட்டிருந்தால், அவருக்கு முதலாளியைப் பற்றித் தெரிந்திருந்த நூறு விஷயத்தில் ஒன்றாவது சொல்லியிருப்பார். தனியாகச் சொல்லு, கூட்டம் வேண்டாம் என்றாவது சொல்லியிருப்பார்.

கடைசியில் போனேன். ஆயுத பூஜை எல்லாம் முடிந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழமும் பிஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் சோடா வாங்கி வந்து கொடுத்தார். தணிகாசலம், தான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். பெண் உள்ளேயேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"என் புரோகிராம்ல தப்புங்க. என்னாலதான் இவ்வளவும்" என்றேன். வரும்போது பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது இன்னும் நிறைய இருந்தது, வாயில் வரவில்லை.

"வுடுங்க மேடம். மிசினுதானே. அதுக்கு இன்னா தெரியும்?" என்றார். நிஜமாகவே அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாக்ஸுக்காக என்னை அவர் எப்போதோ மன்னித்திருந்தார். சோடாவைக் குடித்தேன்.

பிறகு அவர் துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மேடம். நான் பாட்டுக்கு ஊட்ல குந்திகினு இருந்தேன். அன்னிக்கு ஆள் அனுப்பி, என்னியும் அங்க இட்டாரச் சொன்னது யாரு? மொதலாளியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"இல்லைங்க. நான்தான்."

அவர் துண்டை மடிப்பதை நிறுத்தினார். என்னையே பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டம்.

"இத்தினி நாளா அவரத் திட்டிகினு கீறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, "இருட்டப் போவுது, பொம்பளப் புள்ள, தனியாப் போவாதீங்க" என்று பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "மேடத்த ஸ்டேசன்ல பாத்து எறக்கி வுடுப்பா" என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும் வரை அவர் கீழேயே நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. நான் அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.